எதிரணியில் ஒரு பொருத்தம்

ஆசியத் தொடரின் குழு ஆட்டங்கள் முடிந்த மறுநாள் காலை, சமர்கண்டின் விளையாட்டுக் கிராமத்தில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது நேராக நடந்து வந்தவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் சுவரைப் பிடித்தும், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தும், பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்தும் வந்தார்கள். ஆனாலும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. காலிறுதிக்கு வந்துவிட்டார்கள் அல்லவா? அடுத்த வாரம் மலேசியாவுடன் ஆட்டம்.

அணி மருத்துவர் ரெஹானா தன் தட்டில் இருந்த முலாம்பழத் துண்டைத் தொடாமல் இந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்தில் அண்ணன்மார் மூவரும் பந்தாட, அவர்களுக்குக் கட்டுப் போட்டே மருத்துவம் பழகியவர். யார் நடிக்கிறார்கள், யாருக்கு உண்மையிலேயே வலிக்கிறது என்று நடையிலேயே சொல்லிவிடுவார்.

எதிரே வந்து உட்கார்ந்தார் பயிற்சியாளர் சனாதோம்பி. இம்பால்காரர். பத்து வருடம் சென்னையில் ஒரு கிளப்புக்குப் பயிற்சி கொடுத்ததில் தமிழ் நன்றாக வந்துவிட்டது. மரியாதை விகுதிகள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"எத்தனை ஆள் தேறும், டாக்டர்?"

"கணுக்கால் ரெண்டும் தேறிடும், மேடம். தோள்பட்டையும் கட்டுப் போட்டா ஆடும். ஜான்சி ஆட மாட்டா."

சனாதோம்பி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இந்தத் தொடரில் இந்தியா அடித்த கோல்களில் முக்கால்வாசி ஜான்சியுடையவை. வியாசர்பாடிக்காரி. முப்பத்தொரு வயது. போன தொடரின்போது இதே தொடை கிழிந்து, வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தவள். நேற்றைய ஆட்டம் முடியும் தறுவாயில், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததுபோல் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

"ஒட்டுப் போடு. போன வருஷம் போட்டியே? நாலு நாளில் ஓடினாளே?"

ஒட்டு என்பதுதான் போன தொடருக்குப் பிறகு வந்து, இப்போது விளையாட்டு உலகத்தையே புரட்டிப் போட்டிருந்த வைத்தியம். தொடையிலிருந்து மிளகளவு தசையை எடுத்து, தொட்டியில் வைத்து வேகமாக வளர்த்து, தசையோ நாரோ, கிழிந்த இடத்தில் ஒட்டவைப்பார்கள். ஆறு மாதம் படுக்கையில் கிடக்க வேண்டிய ஆள் அந்த வாரமே பந்தைத் துரத்துவார்.

"போன வருஷம் போட்டதாலதான் இப்ப முடியாது" என்றார் ரெஹானா. "ஒரு ஆளோட தசை ஒரு தடவைதான் அந்த வேகத்துல ஒழுங்கா வளரும். ரெண்டாவது தடவை வளர்த்தா வெறும் தழும்பா வரும். தழும்பு நீளாது. அதை வெச்சுக்கிட்டு நடக்கலாம், ஓட முடியாது. இப்ப வேற யாரோடதாவது வேணும். அதுவும் கண்டவங்களோடது ஆகாது. ஜான்சியோட உடம்பு அதைப் பார்த்து, இது நம்ம ஆளுதான்னு நம்பணும்."

"தம்பி இருக்கானே?"

"கூப்பிட்டேன்."

ஜான்சியின் தம்பி ரூபன் வியாசர்பாடியில் செல்போன் பழுது பார்ப்பவன். மைதானத்தில் பெரிய திரை கட்டி அக்காவின் ஆட்டங்களைத் தெருவுக்கே காட்டுபவனும் அவன்தான். பரிசோதனை முடிவை ரெஹானா சொன்னபோது அவன் போனில் பெருமூச்சு விட்டான். "எனக்கும் அதுக்கும் எது டாக்டர் ஒத்துப்போயிருக்கு? ரிமோட்டுக்கே அடிச்சிக்குவோம். தசை மட்டும் ஒத்துப்போவுமா?"

அன்று பகல் ரெஹானா கணினியில் உட்கார்ந்தார். தொடருக்கு வரும் ஒவ்வொரு வீராங்கனையின் தசை வகையும் போட்டிக் குழுவின் பொதுத் தளத்தில் இருக்கும். தேடச் சொன்னதும் அது கொஞ்ச நேரம் சுற்றி, ஒரே ஒரு பெயரைக் காட்டியது.

கோகிலவாணி. மலேசியா. கோல்கீப்பர்.

சனாதோம்பி அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "நல்லது, டாக்டர். போய்க் கேளு. எங்க ஆள் உனக்கு கோல் போடணும், கொஞ்சம் தொடை கொடு அப்படின்னு."

எல்லா அணிகளுக்கும் பொதுவான மருத்துவ நிலையத்தின் கட்டிலில் கிடந்த ஜான்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இன்னா டாக்டர், எதிர் டீம் கிட்ட போயி காலு கேப்பீங்களா? அதுக்கு நான் இந்தக் கட்டையோடயே ஊருக்குப் போயிடுவேன். கேக்காதீங்க. எம்மேல ஆணை."

"கேக்கல" என்றார் ரெஹானா.

அவர் கேட்கவில்லைதான். ஆனால் தளம் சும்மா இருக்கவில்லை. பொருத்தம் ஒன்று கிடைத்தால் பொருந்தியவருக்கும் தானாகவே ஒரு தகவல் போகும்படி அந்த வாரம்தான் மாற்றியிருந்தார்கள். ரெஹானாவுக்கு அது தெரியாது. மறுநாள் காலை மருத்துவ நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, ரப்பர் செருப்பும் கையில் பாதி தின்ற ரொட்டியுமாக, கதவு உயரத்துக்கு ஒருத்தி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பேச்சு மலேசியத் தமிழ்.

"டாக்டர், பசியாறியாச்சா? எனக்கு ஒரு மெசேஜ் வந்திச்சிலா. என்னோட தசை யாருக்கோ ஒத்துப்போவுதாம். யாரு அது?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா" என்றார் ரெஹானா. "உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல. நீங்க இப்படியே திரும்பிப் போயிடலாம்."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இருந்தது ஒரே ஒரு நோயாளி. அந்த நோயாளி போர்வையை மூக்கு வரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓ" என்றாள் கோகிலவாணி. "நீயா?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நான்தான். நீ கெளம்பு."

கோகிலவாணி கிளம்பவில்லை. ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கொடுத்தா எனக்கு என்னா ஆவும், டாக்டர்? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

"ரெண்டு மூணு நாள் தொடை வலிக்கும். அப்புறம் சரியாயிடும். ஆனா காலிறுதி அன்னைக்கு அந்தக் கால்ல உந்தி எம்பும்போது வழக்கமான உயரம் வராது. கொஞ்சம் குறையும்."

"எவ்வளவு கொறையும்?"

"ஒரு விரல் அகலம்."

"எந்த வெரலு? கட்டை வெரலா, சுண்டு வெரலா?"

ரெஹானா யோசித்தார். "சுண்டு விரல்."

"பரவால்லலா. அதுக்கு மேல எம்பிக்கலாம்."

ஜான்சி போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஏய், உனக்கு இன்னா பைத்தியமா? நான் எறங்கினா உனக்குத்தான் கோல் அடிப்பேன். உன் காலை வாங்கிக்கினு உனக்கே கோல் அடிச்சா ஊரு இன்னா பேசும்?"

"அடி. நான் பிடிக்கிறேன்." கோகிலவாணி ரொட்டியைக் கடித்தாள். "இங்க பாரு. நான் ஈப்போவுல பொம்பாவுல வேலை செய்யிறேன். தீயணைப்பு. ஒரு வீடு எரிஞ்சா மேல ஏறிப்போயி ஆளைத் தோள்ல போட்டுக்கிட்டு வருவோம். நீ யாரு, எந்த டீமுக்கு கை தட்டுவேன்னு கேட்டுட்டா தூக்குவோம்?"

"இங்க எதுவும் எரியல."

"சரி, இன்னொண்ணு சொல்றேன். அது நெசமான காரணம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க காலிறுதிக்கு வந்ததே அதிர்ஷ்டம்னு எங்க ஊருலயே எழுதுறானுங்க. நீ இல்லாம நாங்க ஜெயிச்சா என்னா சொல்வானுங்க? ஜான்சி இல்ல, அதான்னு சொல்வானுங்க. நான் கெழவியாவுற வரைக்கும் அதக் கேட்டுட்டே இருக்கணும். எனக்கு அது வேணாம்."

ஜான்சி ரெஹானாவிடம் திரும்பினாள். "டாக்டர், கூடப் பொறந்தவனுக்கே ஒத்துப்போவல. இவளுக்கு எப்படி ஒத்துப்போச்சு? இவ எனக்கு சொந்தமா?"

"எங்கேயோ ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னாடி இருந்தாலும் இருக்கலாம். கப்பல் ஏறினவங்க எத்தனை பேர்!"

"அப்போ எனக்கு இவ இன்னா மொற வேணும்? அக்காவா, நாத்தனாரா?"

"அக்காதான்" என்றாள் கோகிலவாணி. "நாத்தனாரா இருந்தா தொடை தருவேனா?"

ஜான்சி அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்ததில் தொடை இழுத்து "அம்மா" என்று கத்தினாள். மூவரும் சிரித்தார்கள்.

மலேசியப் பயிற்சியாளர் ஃபரிதா சிரிக்கவில்லை. விஷயம் காதுக்கு எட்டியதும் மருத்துவ நிலையத்துக்கே நேரில் வந்தார். குட்டையான, வேகமான பெண்மணி. ரெஹானாவைப் பார்த்து ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். அது மருத்துவமா, கொள்ளையா என்று கேட்டார். தன் கோல்கீப்பரின் தொடையை அறுத்து எதிரணிக்கு ஒட்டுவதைவிட, கோல்போஸ்ட்டையே பெயர்த்துக்கொண்டு போய்விடலாமே என்றார். பிறகு கோகிலவாணியின் பக்கம் திரும்பினார்.

"தொடை உன்னுடையது. அதில் நான் தலையிட முடியாது. ஆனால் கோல் என்னுடையது. அங்கே யார் நிற்பது என்று நான் முடிவு செய்வேன். புரிகிறதா?"

"புரியுது, கோச்" என்றாள் கோகிலவாணி. அவளுடைய முகத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்புப் போயிருந்தது.

ரெஹானா அவளைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார். "வேணாம்மா. நீ ஆடாம உட்காரணும்னா இதுல அர்த்தமே இல்ல. திரும்பிப் போயிடு. நான் யாரையும் எதுவும் சொல்ல விட மாட்டேன்."

கோகிலவாணி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். ஜான்சி இரண்டு ஊன்றுகோலில் தொங்கியபடி, தரையில் கிடந்த ஒரு பந்தை நல்ல காலால் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டிவிட்டு அதன் பின்னால் போகத் தெரியாமல் நின்றாள்.

"எடுங்க டாக்டர்" என்றாள் கோகிலவாணி. "சீக்கிரம் எடுங்க. ஊசியைப் பாத்தா எனக்குப் பயம்."

தசையை எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். அது சரசரவென்று வளர்ந்தது. மறுநாள் ஜான்சியின் பின்தொடையில் ஒட்டு ஏறியது. அதற்குள் செய்தியும் கசிந்துவிட்டது. கோலாலம்பூரில் கோகிலவாணியைத் துரோகி என்றார்கள். சென்னையில், இரவல் காலில் வரும் வெற்றி எதற்கு என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து வாதாடினார்கள். ரெஹானாவின் போனில் கால்பந்துச் சங்கத்து அதிகாரி ஒருவர், ஊர் திரும்பியதும் விளக்கம் தர வேண்டியிருக்கும் என்று மிகவும் மரியாதையான குரலில் மிரட்டினார். ரெஹானா அதற்குச் சரி என்றார். வேறென்ன சொல்வது? விதிப்புத்தகத்தில் இதைக் கூடாது என்று யாரும் எழுதியிருக்கவில்லை. இப்படி ஒருத்தி வந்து கொடுப்பாள் என்று யார் நினைத்தார்கள்?

அன்று மாலை கதவு மறுபடியும் திறந்தது. ஃபரிதா. இந்தத் தடவை கையில் ஒரு பெரிய முலாம்பழம். அதை மேஜையில் வைத்தார். உருளாமல் இருக்கப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"நேற்று நான் கத்திவிட்டேன்."

"பரவாயில்லை" என்றார் ரெஹானா.

"எங்கள் சுஹைலாவைத் தெரியுமா? பத்தாம் எண். எங்கள் ஆட்டமே அவள்தான். முட்டியில் நார் கிழிந்திருக்கிறது. வெளியே சொல்லவில்லை. அவளுக்கும் சொந்தத் தசை ஒரு தடவை போட்டாயிற்று." ஃபரிதா பழத்தைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கள் டாக்டர் தொடர் தொடங்கிய அன்றே தேடி வைத்திருந்தார். அப்போது அது வெட்டிப் பேச்சு என்று நினைத்தோம். எதிரணியில் யார் தருவார்கள்? பொருத்தம் உங்கள் அணியில் இருக்கிறது. ரின்புயி."

ரின்புயி ஐஸ்வாலிலிருந்து வந்த இடதுபுறத் தடுப்பாட்டக்காரி. இருபத்திரண்டு வயது. காலிறுதியில் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே வேலை, சுஹைலாவை நகரவிடாமல் பிடிப்பது.

ரின்புயியைக் கூப்பிட்டார்கள். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "மூன்று நாளாக அவளுடைய ஆட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். "அவள் பல் தேய்ப்பதைக்கூடப் பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் வராவிட்டால் நான் அன்றைக்கு யாரைப் பிடிப்பது?" பிறகு சிரித்தாள். "எனக்குச் சம்மதம். மேடத்திடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது."

சனாதோம்பி பயிற்சி மைதானத்தில் இருந்தார். ரெஹானா சொன்னதும் அவர் மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ரெஹானா கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்து மசூதியின் நீலக் குவிமாடம் மாலை வெயிலில் மின்னியது. ஒரு முழுச் சுற்று முடித்துத் திரும்பி வந்தார் சனாதோம்பி.

"அன்னிக்கு நான் சிரிச்சேன், டாக்டர். இன்னிக்கு சிரிப்பு வரல."

"எனக்கும்தான், மேடம்."

"அவளை யாரும் கட்டாயப்படுத்தல?"

"இல்ல."

"வேணாம்னு நான் சொன்னா கேப்பாளா?"

"கேப்பா. உங்க மேல அவ்வளவு மரியாதை."

"அதுதான் கஷ்டம்." சனாதோம்பி கழுத்தில் தொங்கிய விசிலைத் திருகிக்கொண்டே இருந்தார். "சுஹைலா வந்தா நாம தோக்கலாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஜான்சிக்கு வாங்கும்போது நான் நல்லா வாங்கினேன். கொடுக்கும்போது வாயைத் திறந்தா, அப்புறம் அந்தப் பொண்ணுங்க மூஞ்சியைப் பாத்து நான் எப்படி கத்துவேன்? கோச்சுன்னா கத்தணுமே!" அவர் விசிலை விட்டார். "நான் ஒண்ணும் சொல்லல. நீ போ."

அதன் பிறகு அந்தக் கண்ணாடிக் கதவு மூடவே இல்லை. மறுநாள் ஜப்பான் அணியின் மருத்துவர் ஹயாசி வந்தார். குனிந்து வணங்கிவிட்டு, தங்கள் கேப்டனின் கணுக்காலுக்கு வியட்நாம் அணியில் ஒரு பொருத்தம் இருப்பதாகவும், தமக்குக் கேட்கக் கூச்சமாக இருப்பதாகவும், எப்படிக் கேட்பது என்று ரெஹானா சொல்லித் தர முடியுமா என்றும் கேட்டார். உஸ்பெக் அணியின் மருத்துவர் தில்னோசா வந்து, "நானும் தொடர் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவைத்திருந்தேன்" என்று ஒப்புக்கொண்டார். எல்லா மருத்துவர்களும் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்! ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். காலிறுதிக்கு முந்திய நாட்களில் அந்த நிலையத்தின் கட்டில்கள் நிரம்பி வழிந்தன. அடுத்தடுத்த கட்டில்களில் எதிரெதிர் அணிப் பெண்கள் படுத்துக்கொண்டு, கைகளாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் பேசினார்கள். யாருக்கு யார் பொருத்தம் என்று நர்சுகள் கல்யாணத் தரகர்கள்போல் ஓடினார்கள். ஒரு நாள் ஜான்சி தன் கட்டிலிலிருந்து நடுக் கட்டிலுக்கும், நடுக் கட்டிலிலிருந்து கதவுக்கும், ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாள். மறுநாள் ஓடினாள்.

காலிறுதி அன்று ஆடுவோர் பெயர்கள் வந்தபோது, மலேசியாவின் முதல் பெயர் கோகிலவாணி. ரெஹானா ஃபரிதாவைத் தேடிப் பார்த்தார். ஃபரிதா எதிர்ப்பக்கம் நின்று தன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

அப்படி ஓர் ஆட்டத்தை ரெஹானா அதற்கு முன் பார்த்ததில்லை. ஜான்சி முதல் பாதியிலேயே இரண்டு தடவை தடுப்பை உடைத்துக்கொண்டு போனாள். முதலாவதைக் கோகிலவாணி காலால் தடுத்தாள். இரண்டாவதை விரல் நுனியால் தட்டிக் கம்பத்தில் மோதவிட்டாள். இரண்டு தடவையும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துக்கொண்டார்கள். இடைவேளைக்குப் பிறகு ஜான்சி மூன்றாவது தடவை வந்தாள். வலதுபக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, இடதுபக்கம் தாழ அடித்தாள். வலை அசைந்தது. ஜான்சி துள்ளவில்லை, ஓடவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, நான் என்ன செய்ய என்பதுபோல் கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி பந்தை எடுத்து அவள் மேலேயே எறிந்தாள். போ, போய் ஆடு.

பத்து நிமிடத்தில் மலேசியா ஒரு கார்னரில் சமன் செய்தது. அதன் பிறகு ஆட்டம் சுஹைலாவுக்கும் ரின்புயிக்கும் இடையே நடந்தது. நிழல்போல் ஒட்டிக்கொண்டாள் ரின்புயி. பந்து சுஹைலாவின் காலுக்கு வருமுன்பே அதை எட்டி உதைத்தாள். ஒரு தடவை மட்டும், முடியும் நேரத்தில், சுஹைலா வந்த வேகத்தில் நின்றாள். ஒட்டுப் போட்ட முட்டியை ஊன்றி, அதே முட்டியில் சுழன்றாள். ரின்புயி எதிர்த்திசையில் இரண்டடி போய்விட்டாள். பந்து மேல்மூலையில் விழுந்தது.

கடைசியில் ஜான்சிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. தலையால் முட்டினாள். கோகிலவாணி பறந்து பிடித்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டாள். நடுவர் விசில் ஊதினார். இந்தியா ஒன்று, மலேசியா இரண்டு.

ஜான்சி புல்லில் மல்லாந்து கிடந்தாள். ரெஹானா மருந்துப் பையோடு ஓடினார். அதற்குள் கோகிலவாணி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றாள் ஜான்சி. கண்ணோரம் வழிந்தது. "வலிக்கவே இல்ல. அதான் அழுவுறேன்."

கோகிலவாணி குனிந்தாள். தீயில் மாட்டிய ஆளைத் தூக்கும் அதே முறையில் ஜான்சியை ஒரே சுழற்றில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். "எறக்குடி, மானம் போவுது! டாக்டர், இவளை எறக்கச் சொல்லுங்க!" என்று ஜான்சி தலைகீழாகக் கத்தினாள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. யாருக்குத் தட்டுகிறோம் என்பது தட்டியவர்களுக்கே தெரிந்திருக்காது.

உடைமாற்றும் அறையில் ரின்புயி மூலையில் உட்கார்ந்திருந்தாள். சனாதோம்பி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுடைய காலணிகளைத் தானே கழற்றிவிட்டார். பிறகு வெளியே தாழ்வாரத்தில் ரெஹானாவிடம் சொன்னார்.

"நான் அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா இன்னிக்கு ஜெயிச்சிருப்போம்."

"ஆமா, மேடம்."

"நீ ஆமான்னு சொல்றே. இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"பொய் சொல்ல வராது, மேடம். மறுபடி இப்படி ஒண்ணு வந்தா என்ன செய்வீங்க?"

சனாதோம்பி யோசித்தார். "மறுபடி மைதானத்தை ஒரு சுத்து சுத்துவேன். ரெண்டு சுத்து. அப்புறம் திரும்பி வந்து வாயை மூடிப்பேன்."

அணி மறுநாளே ஊர் திரும்ப வேண்டும். விமானச் சீட்டும் வந்துவிட்டது. ஆனால் காலைச் சாப்பாட்டின்போது ரின்புயி எழுந்து நின்றாள். அணியில் அவ்வளவாகப் பேசாதவள் அவள்தான். "நான் வரவில்லை" என்றாள். "என் முட்டி இங்கே அரையிறுதி ஆடப்போகிறது. அதை விட்டுவிட்டு எப்படி வருவது?" ஜான்சி மேஜையைத் தட்டினாள். அவளைத் தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள். சீட்டுகளை மாற்றச் சொல்லிப் போன் செய்தவர் சனாதோம்பி. சங்கத்து அதிகாரியிடம் அவர் தமிழிலேயே பேசினார். விகுதி இல்லாத தமிழ் அந்த வேலைக்குத் தோதாக இருந்தது.

அரையிறுதிக்குப் போகும் பேருந்தில் ரெஹானாவின் போன் அடித்தது. ரூபன்.

"ஊருல எல்லாரும் கோவமா இருக்காங்களா?" என்று கேட்டார் ரெஹானா.

"பின்ன? செம கோவம் டாக்டர். ரெண்டு நாளு டீக்கடையில ஒரே சண்டை. உங்க பேரு வேற நல்லா அடிபட்டுச்சு." ரூபனின் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. கூச்சல், சுத்தியல் அடி, யாரோ மைக்கில் ஒன்று இரண்டு மூன்று சொல்லிப் பார்ப்பது. "சரி டாக்டர், அப்புறம் பேசுறேன். ஸ்கிரீன் சாஞ்சிகினு கீது, தூக்கிக் கட்டணும்."

"எதுக்கு ஸ்கிரீன்? இந்தியாதான் ஆடலையே?"

"நம்ம பொண்ணு முட்டி ஆடுதுல்ல? அந்த கோல்கீப்பர் அக்கா வேற. இங்க அதுக்கு ரசிகர் மன்றமே வெச்சிட்டானுங்க. வெச்சிடறேன் டாக்டர்."

அரங்கத்தில் இந்திய அணி முழுவதும் ஒரே வரிசையில் உட்கார்ந்தது. எதிரணி ஜப்பான். பந்து கோகிலவாணியிடம் போகும்போதெல்லாம் ஜான்சி எழுந்து நின்று வியாசர்பாடித் தமிழில் யோசனை சொன்னாள். கீழே இருந்தவளுக்குக் கேட்க வழியில்லை. ஆனாலும் ஒரு தடவை அவள் திரும்பிக் கையைக் காட்டினாள். ரின்புயி மட்டும் சத்தமே போடவில்லை. இரண்டு கைகளாலும் தன் முட்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாதியில், நடுக்கோட்டுக்கு அருகே சுஹைலா தடுக்கி விழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டாள்.

ரெஹானா எழுந்துவிட்டார். மருந்துப் பை எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. படிகளில் தடதடவென்று இறங்கினார். பாதி வழியில் ஓர் இளம் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"டாக்டர்" என்றார் ரெஹானா, மூச்சு வாங்க. "நான் டாக்டர்."

அவன் அவருடைய நீலச் சட்டையில் இருந்த இந்தியா என்ற எழுத்தைப் பார்த்தான். மைதானத்தில் ஆடும் இரண்டு அணிகளையும் பார்த்தான். மறுபடி சட்டையைப் பார்த்தான்.

"எந்த அணி?" என்று கேட்டான்.

ரெஹானா வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. கீழே சுஹைலா புல்லைத் தட்டிவிட்டு எழுந்தாள். முட்டியை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு, பந்து போன பக்கம் ஓடினாள். அந்த ஓட்டத்தை ரெஹானா உற்றுப் பார்த்தார். நொண்டல் இல்லை.

மேலே போய்த் தன் இடத்தில் உட்காரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் படியிலேயே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காவலாளி கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, ஆட்டம் மறைக்காதபடி ஒதுங்கி நின்றுகொண்டான்.